இருபதுக்கு இருபது

போன வாரம் எங்கள் கும்பகோணம் வீட்டு வாசலில் ஒரு நர்ஸிங் மாணவி டேப்லெட்டுடன் வந்து நின்றாள். ஆன்லைனில் வரும் தடுப்பூசித் தகவல்களை ஜனங்கள் எந்த அளவுக்குப் புரிந்துகொண்டு எடைபோடுகிறார்கள் என்று அளக்கிறாளாம். மொத்தம் இருபது மெசேஜ். எது உண்மை, எது புருடா... காரணத்தோடு சொல்ல வேண்டும்.

என்னிடமா? வாராவாரம் பத்தி எழுதுகிறவளிடமா? காபி கொடுத்து உட்காரவைத்து, பிய்த்து உதறினேன். பன்னிரண்டாவது மெசேஜ்: 'தட்டம்மை ஊசி போட்டால் குழந்தைக்குப் பேச்சு வராது - பிரபல டாக்டர் எச்சரிக்கை!'

"எந்த டாக்டர்? பேரு இருக்கா, ஊரு இருக்கா? சுத்தப் பொய். எழுதிக்கோம்மா!"

இருபதுக்கு இருபது. கொஞ்சம் மிதந்தேன் என்பதை மறைப்பானேன்?

அந்த ஜோரில் மாடியில் குடியிருக்கும் சங்கீதாவையும் கூப்பிட்டேன். பத்து மாதப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே சடசடவென்று பதில் சொன்னாள். அசந்துவிட்டேன்.

"எப்படிம்மா இது?"

"குடவாசல்ல எங்கப்பா விதைநெல்லையே ஈரச் சாக்குல முடிஞ்சு வெச்சு, முளைக்குதான்னு பாத்துட்டுத்தான் விதைப்பாருக்கா. போன்ல வர்றதை மட்டும் அப்படியே நம்பிடுவோமா?"

பத்தொன்பது சரி. பன்னிரண்டாவது மட்டும் தப்பு.

"அது உண்மைதானேக்கா? நீங்கதானே அனுப்புனீங்க!"

நானா? போனில் தேடிப் பார்த்தேன். நானேதான்! காலையில் டிகாஷன் இறங்குகிற நேரத்தில், வந்ததைப் படிக்காமலே நாலு பேருக்குத் தள்ளிவிடுகிற பழக்கம் எனக்கு. உங்களுக்கு இல்லையா என்ன?

"அதான் போன மாசம் பாப்பாவுக்கு அந்த ஊசி போடலை. பேப்பர்ல எழுதுறவங்க நீங்க... நீங்க அனுப்புனதைப் போய் சாக்குல முடிஞ்சு பாப்பாங்களாக்கா?"

பின்தெருவில் ஒரு குழந்தைக்குத் தட்டம்மை கண்டிருப்பதாக முந்தாநாள்தான் கேள்விப்பட்டிருந்தேன். அது மெசேஜ் இல்லை, நிஜம்.

"படிச்சுட்டுத்தான் அனுப்புவீங்களான்னு ஒரு கேள்வி சேக்கணும் மேடம்" என்று முணுமுணுத்தாள் மாணவி. என் மார்க்கை மட்டும் அவள் குறைக்கவில்லை. குறைத்திருக்கலாம்.

இந்தப் புதன்கிழமை சுகாதார நிலையத்துத் தடுப்பூசி வரிசையில் சங்கீதாவோடு நானும் உட்கார்ந்தேன். ஊசி ஏறியதும் பாப்பா வீலென்று கத்தினாள். குத்திய நர்ஸை விட்டுவிட்டு என்னைப் பார்த்து முறைத்தாள்.

ஆளை எடைபோடுவதில் அவளுக்குத்தான் இருபதுக்கு இருபது!