அக்கா செய்யாத பிழை

அக்கா எங்களைப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. பண்டமாரானில் ஒரு துறைமுகத் தொழிலாளியின் மூத்த மகளாகப் பிறந்தவர். அப்பா இறந்தபின் அம்மாவையும் என்னையும் தாங்கியது அக்காவின் சம்பளம்தான்.

கிள்ளானில் ஒரு சரக்கு நிறுவனத்தில் அவருக்குக் கணினி வேலை கிடைத்தது. கணினி அறையின் குளிருக்காகச் சாம்பல் நிற ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டார். சரக்கு விவரங்களைத் தொலைபேசிக் கம்பி வழியே கோலாலம்பூர்க் கணினிக்கு அனுப்பவேண்டும். தகவல் துண்டு துண்டாகப் போகும். எழுத்துகளை எண்களாக்கிக் கூட்டிய தொகையும் ஒவ்வொரு துண்டோடும் போகும். மறுமுனைக் கணினி கூட்டிப் பார்த்து, ஒத்துவந்தால் ‘கிடைத்தது’ என்று பதில் தரும். இல்லையேல் அதே துண்டு மீண்டும் போகும். ஆனால் கம்பி இரைச்சலில் இரண்டு பிழைகள் நேர்ந்து ஒன்றையொன்று ஈடுகட்டிவிட்டால் தொகை மாறாது. தவறான துண்டுக்கும் ‘கிடைத்தது’ வந்துவிடும்.

ஒருநாள் ஒரு குளிர்சாதனச் சரக்குப் பெட்டிக்கு வைக்கவேண்டிய வெப்பநிலை தவறாகப் போய்ச்சேர்ந்து, உள்ளிருந்த மருந்துகள் கெட்டுப்போயின. தட்டச்சில் தவறியதாக ஒப்புக்கொண்டு கையெழுத்திடும்படி மேலாளர் கடிதத்தை நீட்டினார். அக்கா அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

“கம்பியிலதான்டா மாறிருக்கு. நான் சரியாத்தான் டைப் பண்ணேன்.”

“மெஷினே ஓகே சொல்லிருச்சேக்கா! சைன் பண்ணிரு லா. வேலை போச்சுன்னா என் படிப்பு என்னாவுறது?”

அக்கா கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். மறுநாள் கையெழுத்திட்டார். அவரைக் கோப்பு அறை வேலைக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அவரைக் கணினி முன் உட்காரவிடவில்லை. நான் படித்து ஆசிரியரானேன்.

சென்ற ஆண்டு, சிறுநீரகம் பழுதாகி அக்கா டயாலிசிஸில் இருந்தபோது, உடன் வேலை செய்த மேரி அக்கா பார்க்க வந்தார்.

“ஒங்க அக்கா மேல தப்பே இல்ல தம்பி. அடுத்த மாசமே இன்னொரு ஃபைல் அதே மாதிரி மாறி வந்துச்சு. டைப் பண்ணது வேற ஆளு. சத்தமில்லாம புரோகிராம மாத்திட்டாங்க.”

நான் அக்காவைப் பார்த்தேன். கண்களை மூடியபடியே சொன்னார்: “அந்த ரெண்டாவது ஃபைல் விஷயம் எனக்கு அப்பவே தெரியும்டா.”

“ஏங்க்கா சொல்லல?”

“ஒனக்குப் பரீட்சை நேரம்.”

அதன்பின் மூன்று வாரமே இருந்தார். தினமும் அருகில் உட்கார்ந்திருந்தும், மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அக்காவைப் பரிவோடு பார்த்துக்கொண்ட தாதியருக்கும், கடைசிவரை கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், இறுதிச் சடங்கில் தோள்கொடுத்த உறவினருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உண்மையைச் சொன்ன மேரி அக்காவை வணங்குகிறேன்.

இந்த நினைவு மலர் அக்காவின் பழைய அலுவலக நண்பர்கள் கைக்கும் வரும். அந்தக் கடிதத்தைப் பார்த்தவர்கள் அறியவேண்டும்: அக்கா சரியாகத்தான் தட்டச்சு செய்தார். கையெழுத்துப் போடவைத்தது நான்.