சவரிநாதன் அவர்களிடம் வாங்கிக்கொண்ட சாவி

சவரிநாதன் அவர்கள் காலமானார் என்று சென்ற வாரம் தொலைபேசியில் செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. துக்கத்தால் அல்ல. எதையும் இரண்டு பேரிடம் விசாரிக்காமல் நான் நம்புவதில்லை. பள்ளியில் இயற்பியல் நடத்தியவன். நல்ல விடைத்தாளைக் கண்டால் யாரைப் பார்த்து எழுதியது என்று தேடுகிற புத்தி. அவர் ஊரான வில்லியனூரில் தெரிந்த இருவரைக் கேட்டேன். இருவரும் ஆமென்ற பிறகே கிளம்பினேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நண்பர்கள் ஏழு பேர் சேர்ந்து பழைய கிளைடர் ஒன்று வாங்கினோம். இன்ஜின் இல்லாமல் காற்றில் மிதந்துபோகும் சிறு விமானம் அது. குருவிநத்தத்தில் என் கரும்புக் கொல்லையை ஒட்டிய ஷெட்டில் வைத்திருந்தோம். பறக்க வேண்டுமானால் இறக்கைகளைக் கழற்றி, நீளமான டிரெய்லரில் ஏற்றி, வெளியூர் ஓடுதளத்துக்குக் கொண்டுபோக வேண்டும். டிரெய்லரின் சட்டம் தயார். அதற்கு ஆக்சிலும் பிரேக்கும் தேர்ந்தெடுக்க ஆள் தேடியபோது வந்தவர் சவரிநாதன். திருபுவனைத் தொழிற்பேட்டையில் பிரேக் பொருத்தும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கூலி வேண்டாம், விமானத்தைக் கிட்டத்தில் பார்த்தால் போதும் என்றார். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது.

என் மைத்துனர் கரும்பு டிரெய்லரின் ஆக்சில் ஒன்றைச் சும்மாவே தருவதாகச் சொல்லியிருந்தார். பட்டை ஸ்பிரிங், டன் கணக்கில் தாங்கும். இதைவிட என்ன வேண்டும் என்று நாங்கள் மகிழ்ந்துபோனோம். சவரிநாதன் அதன்மேல் ஏறி இரண்டு குதி குதித்துப் பார்த்தார். அது அசையவில்லை.

"இது கரும்புக்கு சார். உங்க பிளேன ஏத்தனா, ஏத்தனதே இதுக்குத் தெரியாது. ஸ்பிரிங் மடங்காது, வண்டிதான் குதிக்கும். ஊர் போயி சேர்றதுக்குள்ள றெக்க வுட்டுடும்."

கிளைடரின் எடைக்கு ஏற்ற, உள்ளே ரப்பர் வைத்த ஆக்சில்தான் சரி என்றார். பிரேக்கும் டிரெய்லருக்கென்று தனியாக வேண்டும் என்றார். முன்னால் இழுத்துச் செல்லும் ஜீப் வேகம் குறைந்தால் டிரெய்லர் அதை முட்டித் தள்ளுமல்லவா, அந்தத் தள்ளலே டிரெய்லரின் பிரேக்கைப் பிடிக்கவைக்கும் வகை அது. எந்தக் கடைக்காரருக்காகப் பேசுகிறார் என்று எனக்குக் குடைந்தது. திருபுவனையில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து அவரைப் பற்றி விசாரித்தேன். ஒரு குறையும் அகப்படவில்லை. அதுவே என் சந்தேகத்தைக் கூட்டியது.

அவர் சொன்ன ஆக்சிலையே மாட்டினோம். காலையில் வந்து வேலை பார்க்க அவரிடம் ஷெட்டின் மாற்றுச் சாவியைக் கொடுத்திருந்தோம். சில நாளில் டயரில் புதுச் சேற்றைப் பார்த்தேன். டிரெய்லரின் தரையைத் தடவினால் கையில் மணல் ஒட்டியது. ஆறோ பக்கத்திலேயே ஓடுகிறது. எனக்கு வேறென்ன தோன்றும்? ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், அவர் இல்லாதபோது, நம் வண்டியில் அவர் திருட்டு மணல் ஓட்டுகிறார் என்று சொன்னேன். சாவியைத் திரும்ப வாங்கிவிடுவதென்று முடிவாயிற்று.

மறுநாள் காலை கையும் களவுமாகப் பிடிக்க ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தேன். தமது பழைய ஜீப்பில் டிரெய்லரை இழுத்துக்கொண்டு பாகூர் சாலையில் போனார். ஒவ்வொரு வேகத்தடையிலும் ஏறி இறங்கினார். திடீர் திடீரென்று பிரேக் போட்டார். பிறகு ஓரமாக நிறுத்தி, இறங்கி, டிரெய்லர் சக்கரத்தில் உள்ளங்கையை வைத்தார். நான் ஒரு புளியமரத்துக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"வந்ததுதான் வந்தீங்க சார், அந்தப் பக்கத்து சக்கரத்த கொஞ்சம் தொட்டுப் பாருங்க" என்றார், திரும்பாமலே.

தொட்டேன். சில்லென்றிருந்தது. அவர் பக்கம் சுட்டது. ஒரு பக்கம் பிரேக் பிடிக்கவே இல்லை. இப்படியே கிளைடரை ஏற்றியிருந்தால் அவசரத்தில் வண்டி ஒரு பக்கமாக இழுத்திருக்கும். டிரெய்லரில் மூட்டைகள் வரிசையாகக் கட்டியிருந்தன. என்ன மூட்டை என்று கேட்டேன்.

"மணல்தான் சார். பொண்ணுக்கு வூடு கட்டனதுல மிச்சம். பிளேனோட வெயிட்டுக்குக் கட்டியிருக்கேன். நான் மாட்டன பிரேக்காச்சே, சும்மா நம்பிட முடியுமா?"

அவருடைய சந்தேகமெல்லாம் பொருள்கள்மேல்தான். மனிதர்களை அவர் விட்டுவிட்டார்.

அன்று மாலையே கூட்டத்தாரைக் கூப்பிட்டு, நான் சொன்னது தவறு என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ஆறு பேர் முன்னால் அவ்வளவு அடித்துப் பேசிய வாத்தியாரின் மானம் என்னாவது? பிரேக்கைச் சரிசெய்துவிட்டு வந்தவரிடம், கமிட்டி முடிவு என்று சொல்லிச் சாவியைக் கேட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. வளையத்திலிருந்து கழற்றிக் கையில் வைத்தார்.

"காலைல எத்தினி மணிக்கு வருவீங்க சார்?" என்று மட்டும் கேட்டார்.

அதன்பின் ஓராண்டு, டிரெய்லரைப் பார்த்துக்கொள்ள வந்த நாளெல்லாம், நான் போய்த் திறக்கும்வரை வெளியே காத்திருந்தார். நான் தாமதமாகப் போன நாட்களும் உண்டு. முதல் பயணத்தில் மதகடிப்பட்டில் ஒரு பேருந்து சட்டென்று முன்னால் நின்றது. ஜீப் நின்றது, டிரெய்லரும் அசையாமல் நேராக நின்றது, இறக்கையில் கீறல்கூட இல்லை. நல்ல ஆக்சிலாகத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று நண்பர்கள் என் முதுகில் தட்டினார்கள். அதையும் வாங்கிக்கொண்டேன். எங்களில் இருவர் அவரோடு கடைசிவரை முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடக்கத்தன்று கூட்டத்தோடு நின்று திரும்பிவிட்டேன். மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி எழுந்து வந்தார்.

"ஷெட்டு சாவி ஒண்ணு அவருகிட்ட இருந்திச்சி சார். உங்ககிட்ட குடுத்துடணும்னு வூடு பூரா தேடிட்டேன், கெடைக்கல. தப்பா நெனச்சிக்காதீங்க."

சாவி பறிபோனதை அவர் வீட்டில்கூடச் சொல்லவில்லை. அது என் பையில் இருந்தது. எடுத்துக் காட்டி, நான்தான் வாங்கிக்கொண்டேன் என்றேன்.

"இன்னாத்துக்கு சார்?" என்று கேட்டார்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நண்பர்களே, உங்கள் ஆறு பேருக்கும் இப்போது எழுத்தில் சொல்கிறேன். சவரிநாதன் மணல் ஓட்டவில்லை. அது எனக்குக் கூட்டத்துக்கு மறுநாளே தெரியும்.

சவரிநாதன் அவர்களே, கருவிப்பையைக் காலடியில் வைத்துக்கொண்டு பூட்டிய கதவோரம் நீங்கள் நிற்பதுதான் என் கண்ணில் நிற்கிறது. நிற்கவைத்தவன் நான். எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், உங்களிடம்தான் சொல்லாமல் விட்டேன். போய் வாருங்கள்.