ருத்ரம்மாவின் ஏழு வீடுகளும் ஒரு ஆஷாடமும்

மைசூர் நஜர்பாத் பக்கத்துச் சந்து ஒன்றில் ஏழு குடித்தனங்களைக் கட்டி மேய்க்கிறாள் ருத்ரம்மா. கணவர் போய் ஒன்பது வருடமாகிறது. அந்த ஒன்பது வருடத்தில் அவள் காபியைச் சூடாகக் குடித்ததே இல்லை. டம்ளரை வாயருகே கொண்டுபோவாள், "ருத்ரம்மா, மோட்டார் ஓடலை!" என்று ஒரு குரல் வரும். ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் நாலாம் வீட்டில் குழாய் ஒழுகும்.

குற்றம் குடித்தனக்காரர்கள் மேல் இல்லை. மோட்டார் சுவிட்சுக்கு இரும்புப் பெட்டி செய்து பூட்டுப் போட்டவள் அவள்தான். வீட்டுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று தண்ணீர் வால்வைத் திருப்புவதும் அவள் கைதான். பிளம்பர் வந்தால், அவர் கிளம்பும்வரை பக்கத்திலேயே நிற்பாள். முப்பத்திரண்டு சாவி கோத்த கொத்து இடுப்பை விட்டு இறங்காது. "நான் ஒரு நாள் இல்லைன்னா இந்தக் காம்பவுண்டு நாறிப்போயிடும்" என்று தினமும் சொல்வாள். கேட்க அலுப்பு மாதிரி இருக்கும். ஆனால் அது பெருமையாகத்தான் காதில் விழும்.

போன வருடம் திடீரென்று நேரத்தை மிச்சம் பிடிக்கும் ஆசை வந்தது. "ஞாயிறு பத்திலிருந்து பதினொன்று வரை மட்டும் புகார்" என்று சுவரில் எழுதி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் வரவில்லை. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு மூன்று பேர் வந்து நின்றார்கள். ஆனால் இன்னொரு யோசனை பலித்தது. ஏழு வீட்டுக்கும் ஏழு தேதியில் வாடகை ஒப்பந்தம் போட்டு, வருடம் முழுக்கக் கோர்ட் வாசலுக்கு நடந்தவள், வரமகாலட்சுமி பூஜைக்கு மறுநாள் பத்திரம் எழுதுபவரை வீட்டுக்கே வரவழைத்தாள். ஒரே மத்தியானத்தில் ஏழு கையெழுத்து, எல்லாம் பதினோரு மாதத்துக்கு. வந்தவர்களுக்கெல்லாம் ரவை உப்பிட்டு கிண்டிக் கொடுத்தாள். "இனிமே வருஷத்துக்கு ஒரு நாள் வேலை" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டாள்.

இந்த வருடம் வைகாசி வெயிலில் ஹூப்ளியிலிருந்து மகள் ஸ்பூர்த்தி போன் செய்தாள். தலைப்பிரசவம். தாய் வீட்டுக்குத்தான் வந்திருக்க வேண்டும்.

"டாக்டர் பிரயாணம் பண்ணக் கூடாதுங்கறாங்கம்மா. நீ வந்துடு. நாப்பது நாள் இருந்துட்டுப் போ."

"வராம இருப்பேனாடி?" என்றாள் ருத்ரம்மா. போனை வைத்துவிட்டு நாள்காட்டியைப் புரட்டினாள். பிரசவத் தேதியும் ஆஷாடத்தில். ஏழு ஒப்பந்தம் முடிவதும் அதே ஆஷாடத்தில். நம் ஆடி போல, அந்த மாதத்தில் யாரும் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். வரமகாலட்சுமி பூஜையோடு போட்ட கையெழுத்து பதினோரு மாதம் கழித்து எங்கே போய் விழும் என்று அவள் எண்ணிப் பார்க்கவே இல்லை. ஐந்தாம் வீட்டுத் தையல்காரி புட்டலட்சுமியும் இரண்டாம் வீட்டுக் கண்டக்டர் ஹொன்னப்பாவும் காலி செய்யப்போவதாகக் குழாயடியில் பேச்சு. வீட்டைப் பூட்டிவிட்டு எப்படிக் கிளம்புவது? பெண்ணா, வீடா என்று இரண்டு நாள் அவளுக்குச் சோறே இறங்கவில்லை.

மூன்றாம் நாள் புட்டலட்சுமி வால்வருகே பிடித்துக்கொண்டாள். தண்ணீருக்காக ருத்ரம்மாவோடு அதிகம் சண்டை போட்டவள் அவள்தான்.

"என்னக்கா, மூஞ்சி முழ நீளத்துக்குத் தொங்குது?"

"நீதான்டி காரணம். ஒப்பந்தம் முடியற இருபதாம் தேதி நீ போயிடுவ. ஹொன்னப்பாவும் போயிடுவாரு. ஆஷாடத்துல ஈ காக்கா கூட உள்ள வராது. வீட்டை யாரு பாத்துக்கறது? என் பொண்ணுகிட்ட நான் எப்பப் போறது?"

புட்டலட்சுமி குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"ஆஷாடத்துல உங்க வீட்டுல பால் காய்ச்ச யாரும் வரமாட்டாங்க. சரி. நாங்க மட்டும் எங்க போய்க் காய்ச்சுவோம்? மாட்டுக் கொட்டாயிலயா?"

ருத்ரம்மா வால்விலிருந்து கையை எடுத்தாள். உள்ளே யார் வருவார்கள் என்றே பார்த்துப் பழகிய கண்; வெளியே போகிறவர்களுக்கும் அதே மாதம்தான் என்பது தோன்றவே இல்லை.

"ஆஷாடம் போயி சிராவணம் பொறக்கட்டும், அப்பறம் பேசிக்கலாம். ஹொன்னப்பா சம்சாரமும் அதத்தான் சொல்லுது. நீங்க கெளம்புங்க. சாவிக்கொத்த இப்படிக் குடுங்க."

"அது மட்டும் ஆகாது."

"ஏன், வால்வு திருப்ப டிகிரி படிக்கணுமா?"

பிள்ளை பெற்றவளின் இடுப்பு பலத்துக்கென்று கோந்துப் பிசினும் கொப்பரையும் போட்டு உருண்டை பிடித்து டப்பா நிறைத்துக்கொண்டு கிளம்பிய அன்றுதான், ஆட்டோவில் ஏறிய பிறகு, கொத்தை இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தாள். முக்குவரை போன ஆட்டோ திரும்பி வந்தது. எதையோ மறந்துவிட்டாள் என்று எல்லோரும் ஓடினார்கள். "மூணாம் வீட்டு வால்வு இறுகும், ஒரு சொட்டு எண்ணெய் விடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஹூப்ளியிலிருந்து முதல் மூன்று நாளும் ஓயாமல் போன் செய்தாள். "அக்கா, உங்க போனை எடுக்கற நேரத்துல நாலு ஜாக்கெட் தெச்சிருப்பேன்" என்றாள் புட்டலட்சுமி. ஒன்பதாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. அந்தச் செய்தியைச் சொல்லக் கூப்பிட்டபோது ஏழு வீடும் ஒரே போனில் கூச்சல் போட்டது. கூச்சல் அடங்கியதும் ருத்ரம்மா மெதுவாகக் கேட்டாள்.

"மோட்டாரு யாரு போடறா?"

"பூட்டை எடுத்துட்டோம்கா. ஏழு வீடு, ஏழு நாள். ஆளுக்கு ஒரு நாள்."

ருத்ரம்மாவின் கை தானாக இடுப்பில் கொத்தைத் தேடியது. வலிக்கத்தான் செய்தது.

"இத ஒம்பது வருஷமா ஏண்டி ஒருத்தியும் சொல்லல?"

"பூட்டுன பொட்டிகிட்ட யாருக்கா பேசுவா?" என்றாள் புட்டலட்சுமி. அவள் குரலில் கேலி இல்லை. "கொழந்தையப் பாருங்க. சாவி பத்திரமா இருக்கு."

"நீயே வெச்சுக்கடி," என்றாள் ருத்ரம்மா.

சம்பந்தியம்மா காபி கொண்டுவந்து வைத்தார். குழந்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. வழக்கம்போல் ஒரு குரலுக்காகக் காது கொடுத்தபடியே டம்ளரை எடுத்தாள். யாரும் கூப்பிடவில்லை. ஒரே மடக்காகக் குடித்து, நாக்கைச் சுட்டுக்கொண்டாள்.