நூற்றிருபதுக்கு எண்பது

நாற்பத்தொரு வயதில் அவள் மறுபடியும் மாணவியானபோது வீட்டில் யாரும் தடுக்கவில்லை; நம்பவும் இல்லை. பத்தொன்பது வருடம் மருத்துவமனை வார்டில் செவிலியாக நின்று நின்று காலில் நரம்பு புடைத்துப் போனவள், இரண்டு வருடம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, தொற்றுநோயியலும் உயிரிப் புள்ளியியலும் படிக்கப் போகிறேன் என்றாள். லிஃப்ட் பழுதுபார்க்கும் அவள் கணவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"யாருக்கு நோய் வருது, எதனால வருதுன்னு கணக்குப் போடுற படிப்புதானே? கணக்குதான் உனக்கு ஆகாதே."

"ஆக வச்சுக்கிறேன்," என்றாள். பேச்சு அதோடு முடிந்தது.

வகுப்பில் பதினெட்டுப் பேர். பல் மருத்துவர்கள் சிலர், புள்ளியியல் பட்டதாரிகள் சிலர், எல்லாருமே அவளைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர்கள். இவளுக்கு 'சிஸ்டர்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. முதல் பருவம் அவளைப் படாத பாடு படுத்தியது. மடக்கை, அதாவது லாகரிதம், என்ற சொல்லைக் கண்டாலே புத்தகத்தை மூடி வைத்துவிடுவாள். பள்ளி இறுதி ஆண்டில் இருந்த மகளும் அவளும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து படித்தார்கள்.

"அம்மா, முழிக்காத. கேள்விய மறுபடி படி. அவங்க கேட்டது வேற, நீ போட்டது வேற," என்பாள் மகள்.

முதல் தேர்வில் முப்பத்தெட்டு. அடுத்ததில் அறுபத்தொன்று. அந்த அறுபத்தொன்றைக் கணவர் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தார். மகளின் தொண்ணூறுகளுக்கு ஒருநாளும் கிடைக்காத மரியாதை அது.

இரண்டாம் பருவத்தில் புள்ளியியல் பேராசிரியை ஒரு குழுவேலை கொடுத்தார். எங்கோ ஒரு மருத்துவமனையின் வார்டுப் பதிவுகள். நோயாளிகளின் பெயரெல்லாம் நீக்கியவை. நாலாயிரம் ரத்த அழுத்த அளவுகள். அவள் குழுவிலிருந்த புள்ளியியல் பையன் கெட்டிக்காரன். இரண்டே நாளில் ஒரு முடிவைக் கண்டுபிடித்துவிட்டான். விடிகாலை ஷிஃப்டில் மட்டும் எல்லா நோயாளிகளுக்கும் பிரஷர் சீராக இருக்கிறதாம். தூக்கம்தான் காரணம் என்று பத்துப் பக்கம் எழுதியும் வைத்திருந்தான்.

வகுப்பில் அவன் அதைத் திரையில் காட்டி விளக்கியபோது சிஸ்டர் எண்களைப் பார்த்தாள். நூற்றிருபதுக்கு எண்பது. நூற்றுமுப்பதுக்கு எண்பது. மறுபடியும் நூற்றிருபதுக்கு எண்பது. எழுந்து நின்றாள்.

"சீரா இல்ல தம்பி," என்றாள். "அளக்கவே இல்ல."

வகுப்பு திரும்பிப் பார்த்தது. "எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டார் பேராசிரியை.

"மெஷின்ல அளந்தா நூத்தி இருபத்தேழு, நூத்தி முப்பத்துமூணுன்னு கன்னாபின்னான்னு வரும் மேடம். பத்துக்கு ஒண்ணுதான் பூஜ்யத்துல முடியும். இங்க எல்லாமே பூஜ்யத்துல முடியுது." கொஞ்சம் நிறுத்தினாள். இத்தனை வருடம் யாரிடமும் வாய் திறந்து சொல்லாததை அங்கே சொன்னாள். "நானும் இப்படி எழுதியிருக்கேன். நாடியப் பிடிச்சுப் பார்ப்பேன், முகத்தப் பார்ப்பேன், எழுதிடுவேன்."

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க ஆய்வேட்டுக்குத் தலைப்புக் கிடைச்சிடுச்சு," என்றார்.

முறைப்படி அனுமதிகள் வாங்கிக்கொண்டு அவள் தன் பழைய வார்டுக்கே போனாள். உடன் வேலை பார்த்தவர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வார்டின் பொறுப்பிலிருந்த பெரிய சிஸ்டர், மருந்து அலமாரியை மூடியபடி, "படிக்கிறேன் படிக்கிறேன்னு போயி, கடைசியில எங்களக் காட்டிக்கொடுக்க வந்தியா?" என்றார்.

சிஸ்டர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். பழைய பதிவேடுகளில் தன் கையெழுத்தைத் தேடித் தேடி எண்ணியது. "முதல்ல இதப் பாருங்கக்கா. நான் எழுதினது நானூத்திப் பன்னெண்டு. பூஜ்யத்துல முடியறது முந்நூத்தி எழுபத்தொண்ணு."

பெரிய சிஸ்டர் தாளை உற்றுப் பார்த்தார். பிறகு உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "நீ எங்களவிட மோசமா இருந்திருக்கியேடி," என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அதன்பின் ஒரு மாதம் அவள் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். முப்பத்திரண்டு படுக்கை, ஓடுகிற மெஷின் ஒன்றே ஒன்று. ஒழுங்காக அளக்க ஆளுக்கு நான்கு நிமிடம். மருத்துவர் பார்வையிட வருமுன் கிடைப்பதோ ஐம்பது நிமிடம். பெருக்கிப் பார்த்தாலே தெரிந்தது, மனுஷியால் ஆகிற காரியமில்லை என்று. எழுதியவர்கள் சோம்பேறிகள் இல்லை. அந்த நேரத்தில் ஊசி போட்டார்கள், படுக்கை மாற்றினார்கள், விழப் போனவர்களைத் தாங்கிப் பிடித்தார்கள்.

அந்தக் கணக்கை மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் கொண்டுபோனாள். அவர் மேலும் இரண்டு மெஷின் கொடுத்தார். காலையில் அளந்தே ஆகவேண்டியவர்கள் பதினான்கு பேர்தான் என்று மருத்துவர்கள் பட்டியலிட்டார்கள். முதல் வாரமே ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருக்கு நூற்றெழுபத்தெட்டு காட்டியது. முந்தைய ஐந்து நாளும் அவர் ஏட்டில் நூற்றுமுப்பதுதான். உடனே மருந்தை மாற்றினார்கள். பத்து நாளில் நடந்தே வீட்டுக்குப் போனார். ஆனால் அன்று பேருந்தில் சிஸ்டருக்கு நெஞ்சு கனத்தது. தன் முந்நூற்று எழுபத்தொன்றில் இப்படி எத்தனை பேரோ. அதற்கு எந்தச் சூத்திரமும் விடை சொல்லாது என்பது அவளுக்குத் தெரியும்.

இரண்டு மாதத்தில் பூஜ்யத்தில் முடிவது நூற்றுக்குப் பதினாறாக இறங்கியது. வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கிடுக்கிப்பிடி போட்டார். "உங்க பழைய வார்டு, உங்க சிநேகிதிகள். ஒருபக்கச் சாய்வு இருக்காதா?"

"இருக்கும் சார். அதனாலதான் முதல் அட்டவணையில என் தப்பையே போட்டிருக்கேன். மத்தவங்க எழுதினத எண்ணிப் பார்த்தது நான் இல்ல, வெளியாள் ரெண்டு பேர்."

அவர் அந்த அட்டவணையைப் புரட்டிப் பார்த்துவிட்டு மதிப்பெண் தாளில் கையெழுத்துப் போட்டார்.

இப்போது அவள் சுகாதாரத் துறையில், வாராவாரம் வரும் காய்ச்சல் அறிக்கைகளைப் பார்க்கும் அறையில் இருக்கிறாள். ஜன்னலோர இருக்கை; கால்வலி குறைந்திருக்கிறது. மகள் கட்டடக்கலை படிக்கப் போய்விட்டாள். சென்ற வாரம் ஒரு சுகாதார நிலையத்திலிருந்து நான்காவது முறையாக 'ஏழு பேர்' என்றே அறிக்கை வந்தது. பக்கத்து மேசைக்காரர் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பலாம் என்றார். அவள் தொலைபேசியை எடுத்து அந்த நிலையத்துச் செவிலியை அழைத்தாள்.

"சிஸ்டர், சாப்டீங்களா? அங்க எத்தன பேர் வேல பாக்குறீங்க?"

மறுமுனையிலிருந்து, "நான் ஒருத்திதான்," என்று பதில் வந்தது.

"அப்படியா. சரி, வியாழக்கிழமை வர்றேன். உக்காந்து பேசுவோம்," என்று சொல்லிவிட்டு, நாட்காட்டியில் குறித்துக்கொண்டாள்.