இரண்டு டிப்போவும் ஒரு சாட் ரூமும்

அறுவடை இயந்திரங்களை வாடகைக்கு விடும் கம்பெனி அது. தஞ்சாவூரில் தலைமை அலுவலகம், திருவிடைமருதூரில் ஒரு டிப்போ, மயிலாடுதுறையில் ஒரு டிப்போ. கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். கணவருக்குத் தஞ்சாவூரில் வேலை கிடைத்ததும் இங்கே வந்து, இந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஏசி ரிமோட் காணாமல் போனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கம்பெனியில் கம்ப்யூட்டர் படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் அதில் எனக்கு வருத்தம் இல்லை.

அப்போது கம்பெனிப் பேச்சு முழுக்க செல்போன் குரூப் ஒன்றில்தான் நடந்தது. நாளைக்கு எந்த ஊர், யார் வயல், எந்த வண்டி போகிறது என்று எல்லாம் அதில் வரும். ஒரு மெக்கானிக் வேலையை விட்டுவிட்டு வேறொரு கம்பெனிக்குப் போனார். அவரைக் குரூப்பிலிருந்து எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. ஒரு நாள் எங்கள் வண்டி ஓர் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது, அதே வயலில் அவர்கள் வண்டி பாதி அறுத்து முடித்திருந்தது. எங்கள் டிரைவரைப் பார்த்து அந்த மெக்கானிக் கையசைத்தாராம்.

எங்கள் முதலாளி ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. குரலை உயர்த்திப் பேச மாட்டார். அன்று மாடியிலிருந்து என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏம்மா, வேலையை விட்டுப் போன ஆள், போன அன்னைக்கே நம்ம பேச்சைக் கேக்க முடியாம போகணும். அதுக்கு ஒரு வழி பண்ணலாமா?"

"பண்ணலாம் மேடம். நமக்குன்னு சொந்தமா ஒரு சாட் சர்வர் வச்சுக்கலாம். யாருக்கு என்ன பொறுப்புன்னு குடுத்துட்டா போதும். அவங்க எந்த ரூமைப் படிக்கலாம், எங்க எழுதலாம்னு அந்தப் பொறுப்பை வச்சே சர்வர் முடிவு பண்ணிக்கும். பொறுப்பை எடுத்துட்டா எல்லாக் கதவும் ஒண்ணா சாத்திக்கும்."

"ஆளைப் பாத்து இல்லை, பொறுப்பைப் பாத்து."

"ஆமா மேடம்."

"அப்ப யாருக்கும் தனிச் சலுகை கிடையாது. போடு."

போட்டேன். டிரைவர், மெக்கானிக், கணக்கு, டிப்போ பொறுப்பாளர் என்று பிரித்து, ஒவ்வொரு பொறுப்புக்கும் விதிகள் எழுதினேன். டிரைவருக்கு அவருடைய டிப்போ ரூம் மட்டும் தெரியும். அறிவிப்பு ரூமை எல்லோரும் படிக்கலாம், முதலாளி மட்டும் எழுதலாம். அனுப்பிய செய்தியை யாரும் அழிக்க முடியாது. இந்தக் கடைசி விதி முதலாளி கேட்டு வாங்கியது. "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்ற வாக்கியத்தை அவர் நிறையக் கேட்டிருந்தார்.

தொடங்கி வைத்த அன்று காலை அவர் போனும் கையுமாகக் கீழே இறங்கி வந்தார்.

"என் கம்பெனியிலயே எனக்கு வாய் இல்லையா?"

அறிவிப்பு ரூமில் அவரால் ஒரு எழுத்துகூடத் தட்ட முடியவில்லை. விதிகளைச் சர்வர் மேலிருந்து கீழாகப் படிக்கும், முதலில் பொருந்தியதோடு நின்றுவிடும். "ஊழியர்கள் எல்லோரும் படிக்க மட்டும்" என்பதை மேலேயும், "முதலாளி எழுதலாம்" என்பதை அதற்குக் கீழேயும் வைத்திருந்தேன். முதலாளியும் ஊழியர் கணக்கில் இருந்ததால் மேல் விதியே அவரைப் பிடித்துக்கொண்டது. இரண்டையும் இடம் மாற்றினேன். அவர் அங்கேயே நின்று "அனைவருக்கும் வணக்கம்" என்று தட்டி, அது போய்ச் சேர்ந்ததைப் பார்த்துவிட்டு மாடி ஏறினார்.

பெரிய சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது.

திருவிடைமருதூர் டிப்போ பொறுப்பாளர், மயிலாடுதுறைப் பொறுப்பாளரின் அக்காவைக் கட்டியவர். ஆனால் இருவரும் பேசிக்கொள்வதில்லை. திருவிடைமருதூர்க்காரரின் மகளுக்குக் காதுகுத்து நடந்தபோது, தாய்மாமன் நேரத்துக்கு வரவில்லை. நல்ல நேரம் போய்விடும் என்று, குழந்தையை ஒன்றுவிட்ட மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்திவிட்டார்கள். தாய்மாமன் வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு, சாப்பிடாமல் திரும்பினார். அன்றோடு பேச்சு நின்றது. அந்தப் பெண் இப்போது உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறாள்.

ஈர வயலில் டயர் வண்டி புதைந்துவிடும், பெல்ட் வண்டிதான் இறங்கும். கம்பெனியில் பெல்ட் வண்டிகள் குறைவு. அதனால் இரண்டு டிப்போவும் மாற்றி மாற்றிக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். கேட்பதெல்லாம் என் வழியாகத்தான். "அங்க பெல்ட் வண்டி சும்மா நிக்குதான்னு கேளும்மா" என்பார் ஒருவர். "நிக்குதுன்னு சொல்லும்மா" என்பார் மற்றவர். எதிர் டிப்போவின் பேரைக்கூட இருவரும் சொல்ல மாட்டார்கள், "அங்க" என்றுதான் சொல்வார்கள்.

டிப்போ பொறுப்பாளர்களுக்கென்று ஒரு ரூம், முதலாளியும் நானும் அதில் உண்டு. அந்தப் பொறுப்பில் இருப்பவர் தானாகவே அதில் சேர்ந்துவிடுவார், விலக முடியாது. விதி அப்படி. அந்த ரூம் திறந்த அன்றே திருவிடைமருதூரிலிருந்து போன்.

"ஏம்மா, இதுலேர்ந்து வெளிய போற பட்டன் எங்க இருக்கு?"

"அந்த ரூமுக்கு அது கிடையாதுண்ணே. டிப்போ பொறுப்பாளர்னா அதுல இருந்துதான் ஆகணும்."

"அதுல அவரும் இருக்காரேம்மா."

"அவரும் டிப்போ பொறுப்பாளர்தானேண்ணே."

போனை வைத்துவிட்டார். சற்று நேரத்தில் மயிலாடுதுறைக்காரர் அழைத்து, கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில் அதே கேள்வியைக் கேட்டார். நான் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "ஒருத்தருக்குத் தளர்த்தினா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க. இருக்கட்டும்" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்ன மாதிரிதான் இருந்தது.

அந்த ரூம் வெறிச்சோடிக் கிடந்தது. அவர்கள் வழக்கம்போல எனக்குப் போன் செய்துகொண்டிருந்தார்கள்.

தை மாதம், சம்பா அறுவடை மும்முரமாக இருந்த நேரம், யாரும் எதிர்பாராத மழை பிடித்துக்கொண்டது. முற்றிய கதிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. எல்லா ஊரிலிருந்தும் பெல்ட் வண்டி கேட்டு ஆட்கள் டிப்போ வாசலில் வந்து நின்றார்கள். அன்று முற்பகல் நான் பல் டாக்டரிடம் வாயைத் திறந்தபடி படுத்திருந்தேன். பைக்குள் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி, பஞ்சு வைத்து அனுப்பிய பிறகுதான் எடுத்துப் பார்த்தேன். எவ்வளவோ தவறிய அழைப்புகள். நான் எடுக்காததால், அந்த ரூமில் முதல்முறையாக எழுத்து முளைத்திருந்தது.

"மயிலாடுதுறை டிப்போ பொறுப்பாளர் அவர்களுக்கு. தங்களிடம் பெல்ட் வண்டி ஓய்வில் உள்ளதா எனத் தெரிவிக்கவும்."

"திருவிடைமருதூர் டிப்போ பொறுப்பாளர் அவர்களுக்கு. ஒன்று உள்ளது. மதியம் அனுப்ப இயலும்."

"நேரத்துக்கு வருமா? சிலர் நேரத்துக்கு வந்து பழக்கம் இல்லை."

அதற்குக் கீழே, நிறுத்தக்குறி எதுவும் இல்லாமல், ஒரு நீளமான செய்தி.

"அத்தான் அன்னிக்கு நான் வேணும்னு லேட்டா வரல குத்தாலம் பக்கத்துல வண்டி சேத்துல இறங்கிடுச்சு டிரைவரத் தனியா விட்டுட்டு வர மனசு இல்ல ஏத்தி விட்டுட்டு அப்படியே சேறும் சகதியுமா ஓடியாந்தேன் வந்து பாத்தா புள்ள வேற மடியில உக்காந்திருக்கு எனக்கு எப்படி இருந்திருக்கும்"

படித்துக்கொண்டிருக்கும்போதே மயிலாடுதுறையிலிருந்து போன் வந்தது.

"ஏம்மா, கடைசியா ஒண்ணு போட்டிருக்கேன். அதை அழிச்சிடும்மா. கோவத்துல கை போயிடுச்சு."

ஊசி போட்டதில் பாதி வாய் மரத்திருந்தது. "முழியாதுண்ணே" என்றேன். "விழியை மாத்தணும்னா மேழம் ஷொல்லணும்."

"என்னம்மா ஆச்சு உனக்கு?"

"பல்லு."

பிறகு தணிந்த குரலில், "அவர் பாத்துட்டாரா?" என்று கேட்டார். செய்திக்குப் பக்கத்தில், படித்துவிட்டார் என்று காட்டும் கண் அடையாளம் விழுந்திருந்தது. "பாத்துட்டாருண்ணே" என்றேன். இருவருமே போனை வைக்காமல் இருந்தோம். சரியாகத்தான் செய்தோமா, இரண்டு பேரையும் ஒரே ரூமில் அடைத்துப் பெரிய சண்டையாக்கிவிட்டோமா என்று எனக்குத் தோன்றியது.

அப்போது பதில் வந்து விழுந்தது.

"இத அன்னிக்கே சொல்றதுக்கு என்ன. வண்டிய அனுப்பு மாப்ளே. நீயும் கூடவே வா. குறுக்கு ரோட்டுல தண்ணி ஓடுது மெயின் ரோட்டுலயே வா"

"அண்ணே, பாத்தீங்களா?" என்றேன். அவர், "வண்டிக்கு டீசல் போடணும், வைக்கிறேம்மா" என்றார்.

மயிலாடுதுறைக்காரர் வண்டியோடு போனார். சாயங்காலம் அறுப்பு முடிந்ததும், வயலிலிருந்து அக்கா வீட்டுக்கும் போயிருக்கிறார். அக்கா சோறு போட்டுக்கொண்டே இருவரையும் சேர்த்துத் திட்டினாராம். அந்தப் பெண் மாமாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்கதான் அம்மாவோட போன்ல ரகசியமாப் பேசுற ஆளா?" என்று கேட்டாளாம். அக்கா இத்தனை நாளும் தம்பியோடு பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்பது திருவிடைமருதூர்க்காரருக்கு அன்றுதான் தெரிந்தது. அதற்கு ஒரு சண்டை புதிதாக நடந்தது. அதை மயிலாடுதுறைக்காரர்தான் எனக்கு மிகவும் சந்தோஷமாகச் சொன்னார்.

அதன் பிறகு அந்த ரூமைப் பார்க்க வேண்டுமே. பெல்ட் வண்டிப் பேச்சுக்கு நடுவே மயிலாடுதுறையில் நண்டு மலிவா என்று கேள்வி, அக்காவின் முழங்கால் வலி, மருமகள் ஓட்டப்பந்தயத்தில் ஓடும் வீடியோ. அந்த வீடியோவை முதலாளியும் பார்த்தார், அவரும் அந்த ரூமில் இருக்கிறாரே.

"ஏம்மா, இதுக்கு ஒரு விதி போட முடியாதா?"

"வீடியோ அனுப்பறதை நிறுத்தலாம் மேடம்."

யோசித்தார். "வண்டி நேரத்துக்குப் போகுதுல்ல?"

"முன்னைவிடச் சீக்கிரமாவே போகுது."

"அப்ப விட்டுடு. அந்தப் பொண்ணு நல்லா ஓடுது."

கோடையில் வேலை குறைந்ததும் இருவரும் ஒரு கூட்டத்துக்காகத் தஞ்சாவூர் வந்தார்கள், ஒரே பைக்கில். கூட்டம் முடிந்து என் மேஜைக்கு வந்து, சர்வரைக் காட்டச் சொன்னார்கள். அலமாரியின் மேல்தட்டில், டிபன் கேரியர் உயரத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. அது சூடாகாமல் இருக்க எதிரே ஒரு சின்ன டேபிள் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. இருவரில் பெரியவரான திருவிடைமருதூர்க்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இவ்வளவுதானா?" என்றார்.

"தூசி தட்டும்மா" என்றார் இளையவர். தட்டுவதற்குத் துணி தேடி நான் எழுந்துகொள்வதற்குள், பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, மெதுவாக, நாலு பக்கமும் துடைத்தார்.