எட்டுக் கிரகமும் நாலு வரியும்

எனக்குக் கல்யாணமாகிச் செம்பட்டிக்குப் பக்கத்திலிருந்த ஒரு கிராமத்துக்குப் போனபோது வயது பதினெட்டு. பிறந்து வளர்ந்ததெல்லாம் திண்டுக்கல் டவுன். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்திருந்தேன். அந்தப் பாஸை வைத்துக்கொண்டு அங்கே ஒரு மண்ணும் செய்ய முடியாது என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துபோயிற்று. மாடு என்னைக் கிட்டே விடாது. களை எடுக்கப் போனால் களையை விட்டுவிட்டுப் பயிரைப் பிடுங்குவேன். என் மாமியார் என்னை நேரே ஒரு வார்த்தை திட்டியதில்லை. எனக்குக் கேட்கிற தூரத்தில் நின்றுகொண்டு எருமையைத் திட்டுவார்.

என்னைக் காப்பாற்றியது பேப்பர்தான். மாமனார் தினமும் செம்பட்டிக்குச் சைக்கிளில் போய், பஸ்ஸில் வருகிற பேப்பரை வாங்கி வருவார். வாங்கி வருவாரே தவிர, எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஒரு பத்தி முடிவதற்குள் அரிக்கேன் விளக்கில் எண்ணெய் தீர்ந்துவிடும். ஒருநாள் பொறுக்கமுடியாமல் நான் வாங்கி மளமளவென்று படித்துக் காட்டினேன். மனிதருக்கு வாயெல்லாம் பல். மறுநாளே அக்கம்பக்கத்தில் எல்லோரையும் கூட்டிவிட்டார். அறுவடை முடிந்து களத்தில் சோளம் கிடந்த சமயம் அது. சாப்பிட்டுவிட்டு வந்து எல்லோரும் களத்தில் உட்காருவார்கள், நடுவில் விளக்கு, விளக்குக்குப் பக்கத்தில் நான். பகலெல்லாம் ஒன்றுக்கும் உதவாத மருமகள், ராத்திரியானால் வாத்தியாரம்மா. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அறுபத்திரண்டாம் வருஷம் தை மாதம். அந்தச் சமயத்தில் இருந்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எட்டுக் கிரகமும் மகர ராசியில் ஒன்றாகக் கூடப்போகின்றன, தை அமாவாசையை ஒட்டி உலகத்துக்கு என்னமோ நடக்கப்போகிறது என்று நாடே நடுங்கிக் கிடந்தது. பேப்பரில் தினம் அதுதான். எந்த ஊரில் என்ன யாகம், எந்த ஜோசியர் என்ன சொன்னார் என்று பக்கம் பக்கமாகப் போட்டிருந்தார்கள். களத்தில் கூட்டம் இரண்டு மடங்காயிற்று. பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் ஆள் வந்தது.

நான் சும்மா படித்தேனா? கொஞ்சம் கையையும் வைத்தேன். பேப்பரில் "கடல் கொந்தளிக்கலாம்" என்றிருந்தால், கடல் மதுரை வரைக்கும் வரும் என்பேன். பழனி மலை நட்டநடுக் கடலில் தீவு மாதிரி நிற்கும், சிறுமலை இரண்டாகப் பிளக்கும் என்பதெல்லாம் என் சொந்தச் சரக்கு. எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். மாமியார்கூட ஒருநாள் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்தச் செம்புத் தண்ணீருக்காக நான் சிறுமலையை இன்னும் நாலாகக்கூடப் பிளந்திருப்பேன்.

அந்தக் கூட்டத்தில் எங்கள் காட்டுக்கு அடுத்த காட்டுக்காரி ஒரு அக்கா இருந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். நாலு பிள்ளைகள். ஒன்றரை ஏக்கர் மானாவாரி, ஆடியில் கடலை போட்டால் அதுதான் வருஷச் சாப்பாடு. அவள் புருஷன் பேசவே மாட்டார், கூட்டத்துக்குப் பின்னால் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்குக் களை எது, பயிர் எது என்று சிரிக்காமல் காட்டிக்கொடுத்தவள் அந்த ஊரில் அவள் ஒருத்திதான். அவளிடம் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அதைச் சொல்லிக்கொள்ளவே இப்போது கூச்சமாக இருக்கிறது.

அந்த ஊர்க்காரர்களுக்கு வானம் அத்துபடி. ஆறாமீன் என்கிற கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்துத்தான் ராத்திரித் தண்ணீர் முறை மாற்றுவார்கள், விடிவெள்ளியைப் பார்த்துத்தான் எழுந்திருப்பார்கள். ஒருநாள் அக்கா களத்தில் எல்லோர் முன்னாலும், கொஞ்ச நாளாகவே விடிவெள்ளியைக் காணவில்லை என்று சொன்னாள். அவள் சொன்ன பிறகுதான் மற்றவர்களும் யோசித்தார்கள். ஆமாம், காணோம். ஐப்பசி, கார்த்திகையில் அந்தி சாய்ந்ததும் மேற்கே ஜோடியாக நின்ற இரண்டு பெரிய மீன்களையும் காணோம். எல்லாக் கிரகமும் கிளம்பிப் போய்விட்டன, எங்கேயோ ஒரே இடத்தில் கூடிவிட்டன என்று ஒரு பெரியவர் முடித்துவைத்தார். நான் பேப்பரில் படித்ததற்கு வானமே சாட்சி சொல்லிவிட்டது. எனக்கே பயம் பிடித்துக்கொண்டது.

அமாவாசைக்கு நாலைந்து நாள் இருக்கும்போது, ஒரு சாயங்காலம் மாமனார் கொண்டுவந்து போட்ட பேப்பரை முன்கூட்டியே பிரித்துப் பார்த்தேன். உள்பக்கத்தில், பருத்தி விலைக்குக் கீழே, ஒரு மூலையில் நாலு வரி. வானசாஸ்திரம் படித்த ஒரு பேராசிரியர் சொல்லியிருந்தார்: கிரகங்கள் எல்லாம் இப்போது சூரியன் இருக்கிற பக்கமாக இருக்கின்றன. சூரியனோடு உதித்துச் சூரியனோடு மறைவதால் இரவில் கண்ணுக்குத் தெரியவில்லை. இதனால் பூமிக்கு ஒன்றும் ஆகாது, யாரும் பயப்பட வேண்டாம்.

நாலே வரிதான். இரண்டு தடவை படித்தேன். பள்ளிக்கூடத்தில் டீச்சர் பம்பரத்தையும் எலுமிச்சம்பழத்தையும் வைத்துக் காட்டியது எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. விடிவெள்ளி ஏன் காணோம் என்பது பட்டென்று விளங்கிவிட்டது. உண்மை என்று எனக்குத் துளிக்கூடச் சந்தேகமில்லை. அன்றைக்கு ராத்திரி களத்தில் முன்பக்கத்தைப் படித்தேன், யாகத்தைப் படித்தேன், ஜோசியரைப் படித்தேன். அந்த மூலை வந்தபோது பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

ஏன் என்று யாரும் கேட்க வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். அதைப் படித்தால் மறுநாள் கூட்டம் வராது. நான் பழையபடி எருமைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அவ்வளவுதான் காரணம், வேறு ஒரு காரணமும் கிடையாது.

மறுநாள் காலையில் கிணற்றடியில் அக்கா என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள். ராத்திரி பூராவும் தூங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"ஏத்தா, நீ படிச்ச புள்ள. என்கிட்ட மட்டும் சொல்லு. நெசமாவே எல்லாம் போயிருமா?"

அவள் அப்படிக் கேட்டபோது நான் சொல்லியிருக்கலாம். கூட்டம் இல்லை, விளக்கு இல்லை, நானும் அவளும்தான். ஆனால் அவளிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

"பேப்பர்ல அப்படித்தாங்க்கா போட்டிருக்கு" என்றேன்.

"பிள்ளைக வெறும் வயித்தோட போகக் கூடாது தாயி" என்று சொல்லிவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். எதை வைத்து வயிற்றை நிரப்பப் போகிறாய் என்று நான் கேட்கவில்லை. அவள் வீட்டில் ஒரு கோழிகூடக் கிடையாது என்று எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் அவள் வீட்டுப் பக்கமிருந்து கடலை வறுக்கிற வாசனை வந்தது. தை மாதத்தில் அந்த வீட்டில் கடலை ஏது? விற்றது போக, விதைக்கென்று எடுத்து வைத்தது மட்டும்தான் இருக்கும். தோலோடு காயவைத்துப் பெரிய மண்மொடாவில் போட்டு, வேப்பிலை வைத்து, வாயைச் சாணியால் மெழுகி வைத்திருப்பார்கள். எத்தனை பசியானாலும் ஆடி மழை வரைக்கும் அதில் யாரும் கை வைக்க மாட்டார்கள். அந்த மொடாவைத்தான் உடைத்திருந்தாள். வறுத்தாள், அவித்தாள், வெல்லம் காய்ச்சி உருண்டை பிடித்தாள். மூன்று நாள் அந்தப் பிள்ளைகள் கன்னம் உப்ப உப்பத் தின்றுகொண்டு தெருவெல்லாம் ஓடின. கடைக்குட்டி என்னைப் பார்த்ததும் ஓடிவந்து, "சித்தி, நீயும் தின்னு" என்று கைநிறைய அள்ளிக் கொடுத்தது. வாங்கித் தின்றேன். நல்ல திரட்சியான பருப்பு, பொறுக்கி எடுத்த விதை.

அப்போதாவது ஓடிப்போய்ச் சொல்லியிருந்தால் பாதி மொடாவாவது மிஞ்சியிருக்கும். இதை நான் எத்தனையோ முறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். முதல் நாள் சொல்லியிருந்தால் முக்கால் மொடா, இரண்டாம் நாள் சொல்லியிருந்தால் அரை மொடா.

அமாவாசை ராத்திரி ஊரே களத்தில் கூடியிருந்தது. நிலா இல்லாத வானம், நட்சத்திரம் அப்படியே கொட்டிக் கிடந்தது. எட்டும் வரிசையாக வந்து நிற்கும் என்று எல்லோரும் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். ஆறாமீன் எப்போதும் போல உச்சியிலிருந்து மேற்கே சரிந்துகொண்டிருந்தது. அக்கா நாலு பிள்ளைகளையும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வயிறு நிறைந்திருந்ததால் அவை நன்றாகத் தூங்கின. ஒன்றும் வராது என்று தெரிந்திருந்த ஒரே ஆள் நான்தான். நானும் அண்ணாந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

விடிந்தது. சேவல் கூவியது, மாடு கத்தியது, மாமியார் எருமையைத் திட்டினார். இரண்டு நாள் ஊர் முழுக்க ஒரே சிரிப்பு. அவசரப்பட்டுக் கோழியறுத்தவர்களைக் கேலி செய்தார்கள். அக்காவை மட்டும் யாரும் கேலி செய்யவில்லை. விதையைத் தின்ற வீட்டைப் பார்த்துச் சிரிக்க விவசாயிக்கு வாய் வராது.

சித்திரை வாக்கில் மேற்கே அந்தியில் வெள்ளி மறுபடி தலைகாட்டியது. ஆடி வந்தது, மழையும் வந்தது. அந்த வருஷம் போய் நல்ல மழை. சுற்றிலும் எல்லாக் காட்டிலும் ஏர் ஓடியது, அவர்கள் காடு மட்டும் சும்மா கிடந்தது. நான் மாமனாரிடம் போய், நம்மிடமிருக்கிற விதையில் அவர்களுக்குக் கொஞ்சம் கொடுக்கலாமே என்று கேட்டேன். விதையைத் தின்பவனுக்கு மறுபடி விதை கொடுத்தால் அதையும் தின்பான் என்றார். ஊரே கேட்டது, வேறு எவன் மொடாவை உடைத்தான் என்றார். நான் படித்ததால்தானே மாமா, என்று இழுத்தேன்.

"நீ என்ன தாயி பண்ணுவ? பேப்பர்ல இருந்ததத்தான படிச்ச?"

அவரே கதவைத் திறந்துவிட்டார். இல்லை மாமா, நாலு வரியை மறைத்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால், வீட்டு மானத்துக்காகவாவது இரண்டு மூட்டை தூக்கிக் கொடுத்திருப்பார், அவர் அப்படிப்பட்டவர்.

"ஆமா மாமா" என்றேன்.

அந்த ஆடியில் அக்கா எங்கள் காட்டுக்கே களை எடுக்கக் கூலிக்கு வந்தாள். ஆவணியில் அதுவும் முடிந்தது. ஒரு கங்காணியைப் பிடித்து, மலையில் காப்பித் தோட்டத்துக்குக் குடும்பத்தோடு கிளம்பிவிட்டார்கள். காட்டை யாரிடமோ ஒப்படைத்துவிட்டார்கள். நான் ரோடு வரைக்கும் கூடப் போனேன். பஸ் வருவதற்கு நேரமிருந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பேப்பர் படிக்கிறத விட்றாத தாயி. எங்களுக்கெல்லாம் நல்லது பொல்லாதது சொல்ல ஒன்னைய விட்டா வேற யாரு இருக்கா?"

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. ரோட்டோரத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நாலு வரி, பருத்தி விலைக்குக் கீழே, பக்கத்தைத் திருப்பியது, எல்லாம். அழுதுகொண்டே சொன்னேன்.

"கெணத்தடியில நான் கேட்டப்பவே தெரியுமா?"

"தெரியும்க்கா."

என் கையை விட்டுவிட்டாள். பஸ் வந்து நின்றது. மூட்டைகளை அவள் புருஷன் மேலே ஏற்றினார். அவள் பிள்ளைகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிவிட்டு, படியில் காலை வைத்தபடி திரும்பினாள்.

"மூணு நாளு என் பிள்ளைக வயிறாரத் தின்னுச்சுக. இத அதுககிட்டச் சொல்லிறாத."

ஏறிக்கொண்டாள். நான் நின்ற பக்கம் ஜன்னலோரம் இடம் காலியாகத்தான் இருந்தது. அவள் எதிர்ப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.