ஒரே சனிக்கிழமையில் இரண்டு ஆட்டம்

நான் கைக்குழந்தையாக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கிளாஸ்கோவில் வளர்ந்தவன். முழங்கால் போகும்வரை உதைபந்தாட்ட நடுக்களத்தில் ஓடினேன். பெரிய கழகம் எதுவும் என்னைத் தேடி வரவில்லை. சின்னக் கழகங்கள் ஒரு பருவம், இரண்டு பருவம் வைத்திருந்துவிட்டு, என்னைவிட இளையவன் கிடைத்ததும் கைகுலுக்கி அனுப்பின. நான் கோல் அடிப்பவன் அல்ல. பந்தைப் பறித்து, அடிப்பவனிடம் கொடுப்பவன். அப்படிப்பட்டவனை ஒருவரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை. பிறகு பயிற்றுநரானேன். ஆசையால் அல்ல, வேறு தொழில் தெரியாததால்.

லண்டனில், எட்மண்டன் பக்கம் ஒரு கழகம் என்னை எடுத்தது. எடுத்தபோதே அது மூழ்கிக்கொண்டிருந்தது. இந்த வருடம் கடைசி ஆட்டத்தில் வென்றால்தான் அதே பிரிவில் நிற்கலாம். சமநிலைகூடப் போதாது. கழகத் தலைவர் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. "கீழே இறங்கினால் உனக்கு இங்கே வேலை இல்லை" என்றார்.

என் அணியில் ஒரு தமிழன் இருந்தான். நடுக்களத்தில் ஆடுபவன். நான் நன்றாக ஆடிய காலத்தில் ஆடியதைவிட நன்றாக ஆடுவான். அவன் இல்லாமல் வெல்ல முடியாது. அந்தக் கடைசி ஆட்டம் சனிக்கிழமை பிற்பகல். வியாழக்கிழமைப் பயிற்சி முடிந்ததும் வந்து நின்றான்.

"கோச், சனிக்கிழமை அப்பான்ர பள்ளிக்கூட மாட்ச்."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே பழைய மாணவர் சங்கங்கள் உதைபந்தாட்டப் போட்டி வைக்கும். ஊரில் தகப்பன் படித்த பள்ளிக்கூடத்துக்காக, அந்தப் பள்ளிக்கூடத்தைக் கண்ணாலும் காணாத பிள்ளைகள் ஆடுவார்கள். வழக்கமாகக் கோடையில் நடப்பது. மைதானம் கிடைக்கவில்லையென்று இந்த முறை முன்னுக்கு இழுத்துவிட்டார்கள்.

தகப்பனுக்குப் போன் பண்ணினேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம்.

"அண்ணை, இந்த ஒருக்கா அவனை விடுங்கோ."

"தம்பி, போன வருசம் பைனல்ல ஆரிட்டத் தோத்தனாங்கள் தெரியுமோ? பக்கத்துப் பள்ளிக்கூடத்திட்ட. அவங்கட கலியாண வீட்டுக்கும் நான் இன்னும் போறேல்ல."

"என்ர வேலை போயிடும் அண்ணை."

"நீங்கள் எந்தப் பள்ளிக்கூடம்?"

"கிளாஸ்கோவில படிச்சனான்."

"அதுதான். உங்களுக்கு விளங்காது."

கடைசியில் இறங்கி வந்தார். காலையில் இரண்டு ஆட்டம் மட்டும் ஆடட்டும், மத்தியானம் தானே கொண்டுவந்து விடுகிறேன் என்று சத்தியம் பண்ணினார். நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? மாற்று ஆட்டக்காரர்களில் அவன் பெயரையும் கொடுத்து வைத்தேன்.

ஆட்டம் தொடங்கியது. அவன் வரவில்லை. இடைவேளையிலும் வரவில்லை. இரண்டாவது பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது தகப்பனின் வேன் வந்து நின்றது. பள்ளிக்கூட ஜெர்சியோடு, முழங்கால்வரை சேறோடு இறங்கி வந்தான்.

"எத்தின மாட்ச்?"

"ஐஞ்சு, கோச். பைனல் எக்ஸ்ட்ரா டைமுக்குப் போட்டுது. வெண்டிட்டம்." சிரித்தான். ஓங்கி அறையலாம் போலிருந்தது.

"கால் என்னமாதிரி?"

"ஏலும்."

ஏலாது என்பது எனக்குத் தெரிந்தது. கெண்டைக்கால் கல்லாக இறுகியிருந்தது. ஆனால் யாருக்கும் கோல் இல்லை, நேரம் போய்க்கொண்டிருந்தது, தலைவர் மேலே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மிச்சமிருந்த கடைசி மாற்றாக அவனை இறக்கினேன்.

வந்த உடனே ஒரு பந்து கொடுத்தான். மூன்று பேருக்கு நடுவால் போன அந்தப் பந்தை எங்கள் முன்கள ஆட்டக்காரன் கோல் கம்பத்தில் அடித்தான். மைதானமே எழும்பியது. எனக்கும் நம்பிக்கை வந்தது. கொஞ்ச நேரத்தில் அவன் தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். இனி மாற்ற ஆள் இல்லை. பத்துப் பேரோடு ஆட வேண்டும்.

கம்பி வேலிக்கு அங்கால் நின்ற தகப்பன் கத்தத் தொடங்கினார். "பிள்ளையைச் சாக்கொல்லப் போறியோடா?"

நான் திரும்பினேன். "காலமை தொடக்கம் ஓட விட்டது ஆர்? நானோ?"

"அவன் என்ர பள்ளிக்கூடத்துக்கு ஆடினவன்!"

"நீ படிச்ச பள்ளிக்கூடத்துக்கு நீ ஓடு! அந்த வண்டி வயித்தையும் தூக்கிக்கொண்டு நீ ஓடு!"

"பள்ளிக்கூடம் இல்லாதவன் கதைக்கிறான்!"

வேலியைப் பிடித்துக்கொண்டு இன்னும் என்னவோ சொன்னேன். அந்த மைதானத்தில் ஒருவருக்கும் விளங்காத தமிழில் நாங்கள் இரண்டு பேரும் குரைத்துக்கொண்டிருந்தோம். பத்துப் பேரை எப்படி நிறுத்துவது என்று நான் சொல்ல வேண்டிய நேரம் அது. நடுக்களத்தில் அவன் நின்ற இடம் அப்படியே திறந்து கிடந்தது. முதுகுக்குப் பின்னால் சத்தம் கேட்டது. எங்கள் சத்தம் அல்ல. எதிரணி அடித்த கோலை நான் காணவே இல்லை.

தோற்றோம். இறங்கினோம்.

உடுப்பு மாற்றும் அறைக்குப் போகும் வழியில் தலைவர் நின்றார். கையை நீட்டினார். அந்தக் கைகுலுக்கலை எனக்குத் தெரியும். வாழ்க்கை முழுக்க வாங்கியிருக்கிறேன். இனி யார் எடுப்பார்கள்? ஸ்கொட்லாந்தில் எனக்குத் தெரிந்தவர்களே வேலை தேடுகிறார்கள்.

உள்ளே அவன் மேசையில் குப்புறப் படுத்திருந்தான். தொடையில் ஐஸ். அழுதுகொண்டிருந்தான். பக்கத்தில் தகப்பன், ஒரு கையில் மகனின் பூட்ஸ், மற்றக் கையில் பள்ளிக்கூடப் போட்டியில் வென்ற கிண்ணம்.

"தம்பி," என்றார் மெதுவாக, "உங்களுக்கு வேற இடம் கிடைக்கும்தானே?"

"வெளியில போங்கோ அண்ணை" என்றேன். அவர் போகவில்லை. மகனை விட்டுவிட்டு எங்கே போவார்? நான்தான் வெளியே வந்தேன்.